ஸ்லாட்டில் பொருந்தும் கார்டு ஏன் படம் காட்டுவதில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஆப்பிளின் பழைய பவர் மேக் ஜி4 கணினி ஒன்று இருக்கிறது, அதிலிருந்த கிராபிக்ஸ் கார்டு செத்துவிட்டது. பழைய பிசியிலிருந்து கழற்றிய ஏடிஐ ரேடியான் 9800 ப்ரோ கையில் இருக்கிறது. மேக்கின் ஸ்லாட், கார்டு இரண்டும் ஏஜிபி, அதாவது கிராபிக்ஸ் கார்டுக்கென்றே இருந்த பழைய ஸ்லாட் வகை. மாட்டினால் கச்சிதமாக உட்காருகிறது, ஆனால் திரை கறுப்பாகவே கிடக்கிறது. அதே கார்டைத் திரும்பப் பிசியில் போட்டால் ஓடுகிறது. "கோளாறு கார்டிலா, மேக்கிலா? ராஸ்பெர்ரி பை 5 என்ற குட்டிக் கணினியில் ரேடியான் மாட்டுகிறார்களே, அங்கும் இதே கதிதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக இரண்டிலும் கோளாறு இல்லை. பஸ் (கார்டையும் கணினியையும் இணைக்கும் பாதை) ஒன்றாக இருந்தும் ஒரு வகைக் கணினியின் கார்டை இன்னொரு வகைக் கணினி ஏன் ஏற்பதில்லை என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. பழைய மேக், சன் வொர்க்ஸ்டேஷன்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. பிசிக்கு ஐஎஸ்ஏ, ஐபிஎம்மின் பிஎஸ்/2-வுக்கு எம்சிஏ, மேக்கின்டாஷ் 2-க்கு நுபஸ், சன்னுக்கு எஸ்பஸ் என்று ஆளுக்கொரு ஸ்லாட் வைத்திருந்தார்கள். ஒன்றின் கார்டு இன்னொன்றில் நுழையவே நுழையாது. 1992-இல் இன்டெல் பிசிஐ-யைக் கொண்டுவந்ததும் நிலைமை மாறியது. டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா கணினிகளில் வந்தது, 1995-இல் ஆப்பிள் பவர் மேக்கின்டாஷ் 9500-இல் நுபஸை விட்டுவிட்டு அதற்கு மாறியது, அப்புறம் சன்னும் வந்து சேர்ந்தது. எத்தனை பின், என்ன வோல்டேஜ், ஸ்லாட்டில் இருப்பது யார் என்று எப்படி விசாரிப்பது, அதற்கு எந்த முகவரி ஒதுக்குவது என்பதையெல்லாம் பிசிஐ தெளிவாக வரையறுத்திருக்கிறது. மதர்போர்டில் என்ன ப்ராசசர் இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. பின்னும் வோல்டேஜும் மாறினாலும், விசாரித்து முகவரி ஒதுக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் ஏஜிபி, பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டும் எடுத்துக்கொண்டன. ஆக, உங்கள் ஜி4 அந்த ரேடியானைக் கண்டுபிடித்துவிடும். "1002 நிறுவனத்தின் கார்டு ஒன்று இருக்கிறது" என்று அதற்குத் தெரியும். 1002 என்பது ஏடிஐ-யின் எண். இவ்வளவும் சந்தேகமே இல்லாத பகுதி.

மின்சாரப் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிசிஐ-யில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இரண்டு வகை உண்டு. ஏஜிபி-யில் 3.3, 1.5, பிறகு 8எக்ஸ் வேகம் வந்தபோது 0.8 வோல்ட் சிக்னல். தவறான கார்டு நுழையாதபடி ஸ்லாட்டில் தடுப்பும் கார்டில் வெட்டும் இருக்கும். ஆரம்பகால ஏஜிபி கார்டுகள் சிலவற்றில் வெட்டைத் தவறான இடத்தில் போட்டு மதர்போர்டைப் பொசுக்கிய கதைகளும் உண்டு, ஆனால் 9800 அந்தத் தலைமுறை இல்லை. உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறு. 9800 ப்ரோ ஒரு 8எக்ஸ் கார்டு. 8எக்ஸ் அடையாளத்துக்காக ஏஜிபி 3.0 எடுத்துக்கொண்ட 3-ஆம், 11-ஆம் பின்களை ஆப்பிள் ஏற்கெனவே தன் ஏடிசி இணைப்புக்காக வேறு வேலைக்கு வைத்திருந்தது. படம், யூஎஸ்பி, மானிட்டருக்கான மின்சாரம் மூன்றையும் ஒரே கேபிளில் அனுப்பும் இணைப்பு அது. இதனால் 8எக்ஸ் கார்டை ஜி4-இல் போடுபவர்கள் அந்த இரண்டு பின்களின் மேல் மெல்லிய டேப் ஒட்டி மறைப்பது வழக்கம். காப்டன் டேப் நல்லது; சாதாரண செலோடேப் சூட்டில் இளகி ஸ்லாட்டுக்குள் பசையை விட்டுவிடும். ஏஜிபி உள்ள ஜி5-களில் இருப்பது 8எக்ஸ் ஸ்லாட்டே என்பதால் அங்கே டேப் தேவையில்லை. கார்டின் ஓரத்தில் இருக்கும் நான்கு முனை மோலெக்ஸ் பவரையும் மறக்காமல் கொடுங்கள். பிசியில் அதை மறந்தால் கார்டே திரையில் எச்சரிக்கை காட்டும். மேக்கில் ஒன்றும் வராது.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். எந்தக் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் கிடைத்ததும் தானாகப் படம் காட்டிவிடாது. மெமரி வேகம், மானிட்டருக்கான டைமிங் என்று கார்டின் சிப்பிலுள்ள ஏகப்பட்ட ரெஜிஸ்டர்களில் (அமைப்பு மதிப்புகளை வைக்கும் சிறு இடங்களில்) சரியான மதிப்பை யாராவது எழுதிவைக்க வேண்டும். அந்த வேலைக்கான சின்ன ப்ரோகிராம் கார்டிலுள்ள ரோம் சிப்பில் இருக்கிறது. ஆனால் அது கார்டின் சிப்பில் ஓடுவதில்லை, கணினியின் ப்ராசசரில் ஓடுகிறது. பிசி கார்டின் ரோமில் இருப்பது எக்ஸ்86 கோடு, அதாவது பிசி ப்ராசசர்களுக்கு மட்டும் புரிவது, அதிலும் 1981-இன் ஐபிஎம் பிசி காலத்து 16 பிட் ரியல் மோடு. பிசியை எழுப்பும் மென்பொருளான பயாஸ் அந்த ரோமைத் தேடி, முதல் இரண்டு பைட்டும் 55, ஏஏ என்று இருக்கிறதா என்று பார்த்து, மெமரியில் சி0000 என்ற முகவரிக்குக் காப்பி செய்து, நான்காவது பைட்டிலிருந்து ஓட்ட ஆரம்பிக்கும். கணினியை ஆன் செய்ததும் பிசியில் எழுத்து தெரிவது இந்த ப்ரோகிராமின் புண்ணியத்தில்தான். உங்கள் ஜி4-இல் இருப்பது பவர்பிசி ப்ராசசர். அதற்கு அந்தக் கோடு வெறும் குப்பை பைட்டுகள், அதனால் ஓட்டிப் பார்க்கக்கூட முயலாது.

பிசிஐ-யை வரைந்தவர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. ரோமுக்குள் பிசிஐஆர் என்ற எழுத்துகளோடு தொடங்கும் ஒரு சிறு அட்டவணை இருக்கும். அதில் ஒரு பைட், இந்தக் கோடு யாருக்கு என்று சொல்கிறது. 0 என்றால் எக்ஸ்86 பிசி, 1 என்றால் ஓப்பன் ஃபர்ம்வேர் (மேக், சன் கணினிகளை எழுப்பும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்), 2 என்றால் ஹெச்பி-யின் பிஏ-ரிஸ்க், பிறகு சேர்ந்த 3, பயாஸுக்குப் பின் வந்த இஎஃப்ஐ-க்கு. ஒரே ரோமில் பல கோடுகளை வரிசையாக வைக்கவும் இடம் இருந்தது. அதாவது ஒரே கார்டு பிசி, மேக், சன் எல்லாவற்றிலும் எழுந்து நிற்கும்படி செய்யத் தரத்தில் எந்தத் தடையும் கிடையாது. தயாரிப்பாளர்கள்தான் செய்யவில்லை. பெரிய ரோம் சிப்புக்குச் சில காசு அதிகம் ஆகும், ஒவ்வொரு கணினியிலும் சோதிக்க ஆள் வேண்டும், மேக் எடிஷன் என்று தனியாகப் பெட்டி போட்டால் கூடுதல் விலைக்கும் விற்கலாம். கடைசிக் காரணம்தான் முதல் காரணம் என்பது என் எண்ணம். நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

ஓப்பன் ஃபர்ம்வேர் என்பது சன் நிறுவனத்தில் பிறந்து, 1994-இல் ஐஇஇஇ 1275 என்ற தரமானது. அதில் கார்டின் ப்ரோகிராமை எஃப்கோடு என்ற பைட்கோடில் எழுதுகிறார்கள். ஃபோர்த் மொழியிலிருந்து வருவது. எந்த ப்ராசசருக்கும் சொந்தமில்லை, மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேர் அதைப் படித்துப் படித்து ஓட்டும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. சன் விற்ற எக்ஸ்விஆர்-100 கார்டை எடுத்துப் பாருங்கள், உள்ளே இருப்பது பிசிக்காரர்களிடம் இருந்த அதே ரேடியான் 7000 சிப்தான். ரோமில் எஃப்கோடு இருப்பதால் அது சன்னின் ஸ்பார்க் ப்ராசசரில் எழுந்துவிடும். ஆனால் சன் கார்டு மேக்கில் அப்படியே ஓடிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பிளின் கார்டு ரோமில் எஃப்கோடோடு சேர்த்து, என்டிஆர்வி என்று சொல்லப்படும் மேக் ஓஎஸ் டிரைவரும் பவர்பிசி கோடாகவே உட்கார்ந்திருக்கும். சன்னின் ரோமில் அது ஏன் இருக்கப் போகிறது?

டெக் இன்னொரு வழியில் போனது. ஆல்ஃபா கணினிகளின் ஃபர்ம்வேருக்குள்ளேயே எக்ஸ்86 ப்ராசசரைப் போல நடிக்கும் எமுலேட்டர் ஒன்றை எழுதி வைத்துவிட்டார்கள். சாதாரண பிசி விஜிஏ கார்டைப் போட்டால் அதன் 16 பிட் கோடை அந்த எமுலேட்டர் ஓட்டி எழுப்பிவிடும். எஸ்ஆர்எம் என்ற ஆல்ஃபா ஃபர்ம்வேரின் நீல நிறத் திரை பளிச்சென்று வரும். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய, ஏனென்றால் டெக்கின் இயங்குதளமான ஓப்பன்விஎம்எஸ் ஏறியதும் அதற்குத் தெரிந்த சில கார்டுகளைத் தவிர மற்றவற்றில் டெஸ்க்டாப் வராது. கார்டு எழுவது ஒன்று, இயங்குதளம் அதை ஓட்டுவது இன்னொன்று. லினக்ஸ் பக்கம் திரையைக் கையாளும் மென்பொருளான எக்ஸ்ஃப்ரீ86 4.0 வந்தபோது அதே எமுலேட்டர் யோசனை ஃபர்ம்வேரிலிருந்து இயங்குதளத்துக்கு நகர்ந்தது. ஏடிஐ பிறகு செய்த காரியம் இன்னும் புத்திசாலித்தனமானது. எக்ஸ்1000 வரிசைக் காலத்திலிருந்து கார்டை எழுப்பும் படிகளை ஆட்டம்பயாஸ் என்ற சொந்த பைட்கோடில் ரோமில் வைத்தார்கள். எக்ஸ்86 கோடும் அதைத்தான் படிக்கிறது, லினக்ஸ் டிரைவரும் அதையேதான் படிக்கிறது. அதனால் ஃபர்ம்வேர் தொடாமல் விட்ட ரேடியானைக்கூட ஆர்ம், பவர், ரிஸ்க்-ஃபைவ் எந்த ப்ராசசரிலிருந்தும் டிரைவரே எழுப்ப முடிகிறது. இன்று விசித்திரமான கணினிகளில் எல்லாம், ஏடிஐ-யை வாங்கிய ஏஎம்டி-யின் கார்டுகள் ஓடுவதற்கு, திறந்த மூல டிரைவரோடு இதுவும் பாதிக் காரணம்.

கார்டு எழுந்தாலும் பைட் வரிசை என்று ஒரு வில்லங்கம் காத்திருக்கிறது. பிசிஐ லிட்டில் எண்டியன் (எண்ணின் சிறிய பகுதி முதலில்), பவர்பிசியும் ஸ்பார்க்கும் பிக் எண்டியன் (பெரிய பகுதி முதலில்). 32 பிட் வண்ணத்தில் ஒரு புள்ளியை 00, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே வார்த்தையாக பவர்பிசி எழுதினால், பைட்டுகள் அதே வரிசையில் கார்டின் மெமரிக்குப் போகும். கார்டோ முதல் பைட் நீலம், இரண்டாவது பச்சை, மூன்றாவது சிவப்பு, நான்காவது வெற்றிடம் என்று படிக்கும். விளைவு: சிவப்பு பச்சையாகும், பச்சை சிவப்பாகும், நீலம் காணாமல் போகும். வெள்ளைத் திரை மஞ்சளாகத் தெரியும். பழைய மேக்கில் லினக்ஸ் போட்டு மஞ்சள் டெஸ்க்டாப்பைப் பார்த்துவிட்டு மானிட்டர் கேபிளைச் சந்தேகிக்காதீர்கள். ரேடியான் சிப்புகளில் இதைத் தானாகத் திருப்பிப் போடும் வசதி இருக்கிறது, டிரைவர் அதை இயக்க வேண்டும், அவ்வளவுதான். டாலோஸ் 2 போன்ற பவர்9 கணினிகளில் லினக்ஸை லிட்டில் எண்டியனாகவே ஓட்டுவது வழக்கம் என்பதால் அங்கே இந்தத் தலைவலி இல்லை. அங்கே வேறு மாதிரி தலைவலி. மெமரிப் பக்கத்தின் (மெமரியைப் பிரித்துக் கையாளும் துண்டின்) அளவு பிசியில் 4 கேபி, பவரில் 64 கேபி. 4 என்றே நம்பி எழுதிய டிரைவர்கள் அங்கே தடுக்கி விழுந்திருக்கின்றன.

சரி, உங்கள் ஜி4-க்கு வருவோம். டேப் ஒட்டி, மோலெக்ஸ் கொடுத்து ஆன் செய்யுங்கள். மேக்கின் தொடக்க மணி ஒலித்து, ஹார்ட் டிஸ்க் ஓடி, நெட்வொர்க்கில் பிங் கிடைத்தால், மேக் நலம், கார்டும் அநேகமாக நலம், ரோம்தான் பாக்கி. மணியே ஒலிக்காவிட்டால் முதலில் டேப்பைச் சரிபாருங்கள். அடுத்து, பிசிஐ ஸ்லாட்டில் போடக்கூடிய பழைய மேக் கார்டு ஒன்றைக் கடனாவது வாங்குங்கள். ரேடியான் 7000 மேக் எடிஷன் போதும். அதில் படம் வந்ததும், தொடங்கும்போது கமாண்ட், ஆப்ஷன், ஓ, எஃப் நான்கு கீகளையும் அழுத்திப் பிடித்து ஓப்பன் ஃபர்ம்வேருக்குள் போய்க் கருவிப் பட்டியலைப் பாருங்கள். ஏஜிபி கிளையில் உங்கள் 9800 பெயரில்லாமல் "பிசிஐ1002" என்று தொடங்கும் வெறும் எண்ணாக நிற்கும். எஃப்கோடு உள்ள கார்டாக இருந்தால் ஏடிஒய் என்று தொடங்கும் பெயரோடு இருக்கும். கார்டு கண்ணில் பட்டிருக்கிறது, எழுப்ப ஆளில்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது.

தீர்வு, மேக் ரோமைக் கார்டில் எழுதுவது. இங்கே ஒரு முட்டுக்கட்டை. மேக் எடிஷன் 9800-இன் ரோம் 128 கேபி. பிசி கார்டுகள் பலவற்றில் இருக்கும் சிப் 64 கேபி. கார்டில் எட்டுக் கால் உள்ள சின்னச் சிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். எம்25பி05 என்றோ 25எஃப்512 என்றோ இருந்தால் 64 கேபி. எம்25பி10 அல்லது 25எஃப்1024 என்றால் 128 கேபி, நேராக எழுதலாம். சின்னச் சிப் என்றால் இரண்டு வழி. பெரிய சிப்பை வாங்கிச் சூடாக்கி மாற்றுவது ஒன்று. எட்டுக் கால்தான், மொபைல் ரிப்பேர் கடைக்காரர் சிரமமில்லாமல் செய்வார். தேவையில்லாத பகுதிகளை வெட்டி 64 கேபிக்குள் அடக்கிய குறுக்கிய ரோமைப் போடுவது இன்னொன்று. நான் சிப்பை மாற்றச் சொல்வேன். எழுதும் வேலையைப் பிசியில் இன்னொரு பிசிஐ கார்டை முதன்மையாக வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஏனென்றால் மேக் ரோம் ஏறியதும் பிசி திரை கறுப்பாகிவிடும். தொடுவதற்கு முன் பழைய ரோமைக் கட்டாயம் சேமித்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாத இடமும் உண்டு. 9800 ப்ரோ என்ற பெயரில் பல கம்பெனிகள் பல போர்டுகள் விற்றன, மெமரிச் சிப்புகளும் போர்டுக்குப் போர்டு மாறும். மேக் ரோம் ஒரு குறிப்பிட்ட மெமரி டைமிங்கை எதிர்பார்க்கும், உங்கள் போர்டில் வேறு இருந்தால் படம் வந்தும் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சிதறலாம். ஏடிஐ-யின் மாதிரி போர்டை ஒத்திருந்தால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. கார்டைப் பார்க்காமல் அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ரோமை மாற்றாமல் லினக்ஸில் டிரைவரே எழுப்புமா என்பதும் கார்டுக்குக் கார்டு மாறும் சமாச்சாரம். அப்படி எழுப்பினாலும் லினக்ஸ் ஏறும் வரை திரை கறுப்பாகத்தான் இருக்கும்.

இன்டெல் மேக்குக்குப் போனால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ப்ராசசர் ஒன்றானது, ஆனால் ஃபர்ம்வேர் ஒன்றாகவில்லை. 2009, 2010 மேக் ப்ரோக்கள் பழைய இஎஃப்ஐ-யின் யூஜிஏ முறையில் திரையைப் பிடிக்கும், பிறகு வந்த பிசி கார்டுகள் யூஇஎஃப்ஐ-யின் ஜிஓபி முறையில் பேசும். அதனால்தான் ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 580 கார்டு போட்ட மேக் ப்ரோவில் தொடக்கத் திரை வராமல், மேக் ஓஎஸ் டிரைவரை ஏற்றியதும் திடீரென்று லாகின் வருகிறது. ஆப்பிளின் சொந்த ப்ராசசரான ஆப்பிள் சிலிக்கானில் கதை அதோடு முடிந்தது. 2023 மேக் ப்ரோவில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகள் வரிசையாக இருக்கின்றன, கிராபிக்ஸ் கார்டுக்கு மேக் ஓஎஸ்-இல் டிரைவர் கிடையாது.

ராஸ்பெர்ரி பை 5-இல் ரோம் பிரச்சினை வேறு விதமாகத் தீர்கிறது. அதன் ஃபர்ம்வேர் கார்டின் ரோமைச் சீண்டுவதே இல்லை, எல்லாம் லினக்ஸ் டிரைவர் தலையில்தான். ரேடியானுக்கு ஆட்டம்பயாஸ் இருப்பதால் அது நடக்கும். பஸ் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0, ஒரே லேன் (டேட்டா போகும் தடம்), நொடிக்கு 500 எம்பி. 16 லேன் கார்டு ஒரு லேனில் ஓடத் தரமே அனுமதிக்கிறது. டேட்டா ஏற்றத்தான் நேரமாகும், கார்டுக்குள் நடக்கும் வேலை மெதுவாவதில்லை. சிக்கல் மெமரியில். பிசியில் கார்டானது கணினியின் மெமரியைத் தொட்டால் ப்ராசசரின் கேஷ் (அதற்குள்ளிருக்கும் சிறு தற்காலிக மெமரி) தானாக ஒத்துப்போகும் என்று நம்பியே டிரைவர்களை எழுதியிருக்கிறார்கள். பை-யின் சிப் அப்படி ஒத்துப்போகாது. கார்டின் மெமரியில் பைட் எல்லையோடு பொருந்தாத முகவரியில் எழுதினால் பிசி பொறுத்துக்கொள்ளும், ஆர்மில் அந்த இடத்திலேயே ப்ரோகிராம் பஸ் எரர் என்று விழும். 2020-இல் வந்த கம்ப்யூட் மாட்யூல் 4-இல் இது இன்னும் மோசம், கார்டுக்கு முகவரி ஒதுக்கும் இடமே ஆரம்பத்தில் 64 எம்பிதான் இருந்தது, ரேடியான் கேட்பதோ 256 எம்பி. பை 5-இல் திருத்திய கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) ஏஎம்டி கார்டுகளை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். வாங்கி மாட்டியதும் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள், கெர்னல் கம்பைல் செய்யத் தயாராக இருந்தால் ஆர்எக்ஸ் 460 மாதிரி சின்ன கார்டில் தொடங்குங்கள்.

ஒன்று மட்டும். பை-யின் அந்த ரிப்பன் கனெக்டர் கொடுப்பது 5 வாட், கார்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரை எதிர்பார்க்கும். அதனால் தனி ஏடிஎக்ஸ் பவர் சப்ளையும், பவர் உள்ளீடு கொண்ட ரைசர் போர்டும் வேண்டும். முதலில் கார்டின் பவர் சப்ளையை ஆன் செய்யுங்கள், பிறகு பை-யை. பை எழும்போது கார்டு உயிரோடு இல்லாவிட்டால் கெர்னல் லாகில் "லிங்க் டவுன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அந்தப் பக்கம் திரும்பாது, நீங்கள் டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.